பெற மறுக்கிறார்

ஜூன் 3, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து மே வரை என் மகள் கோலம் போட்டுப் பழகிவிட்டாள். மிச்சம் எனக்கு. எழுத ஒன்றும் இல்லாமல் கிடந்தது. இன்று இலாகாவே விஷயம் கொடுத்துவிட்டது.

காலையில் தபால் பையைப் பிரித்ததும் போஸ்ட்மாஸ்டர் அம்மா எங்களை நிற்க வைத்து ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். கிராமப் பிரிவில் வேலை பார்க்கிற எல்லோரும் ஜூலை 7-ஆம் தேதி தகுதித் தேர்வு எழுத வேண்டும். நூற்றுக்கு நாற்பது வாங்க வேண்டும். எழுதாதவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் ஆகஸ்ட் 31-உடன் வேலை முடிந்தது.

இருபத்தாறு வருஷமாகச் சாத்தன்குறிச்சியில் தபால் கொடுக்கிறேன். இன்னும் நாங்கள் நிரந்தரம் இல்லை. பெயரும் தெருவும் இல்லாமல் 'முறுக்குக்கார வீட்டு மருமகனுக்கு' என்று வந்த கடிதத்தைக்கூட வீடு சேர்த்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு விலாசம் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். எவன் மூளையில் உதித்ததோ, அவன் வெயிலில் சைக்கிள் மிதித்தவனாக இருக்க முடியாது.

எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. பரமகுரு மட்டும் சிரித்தார். எங்கள் ஆபீஸில் பை பிரித்துக் கடிதங்களைத் தெரு வாரியாக அடுக்குகிறவர், சங்கத்தின் செயலாளர், என் இருபது வருஷச் சிநேகிதர். "பாப்போம்வே, யாரு யாரைப் பரீட்சை பண்ணுதான்னு" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு டீ இறங்கியது.

ஜூன் 5, புதன்

பின் சக்கரம் பஞ்சர். பூவாணிப்பட்டிக்குப் பிரியும் விலக்கு ரோட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சங்கக் கூட்டம். எங்கள் தபால் கோட்டம் முழுவதிலுமிருந்து இருநூறு பேர் வந்திருந்தார்கள். பரமகுரு ஒரு மணி நேரம் பேசினார். அந்த மனுஷன் பேசினால் உட்கார்ந்திருப்பவனுக்கும் எழுந்து நிற்கத் தோன்றும்.

முடிவு இதுதான். ஒருவரும் எழுதக் கூடாது. ஹால் டிக்கெட் பதிவுத் தபாலில் வரும். அதை வாங்காமல் 'பெற மறுக்கிறார்' என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். தபால்காரர்களே தங்கள் தபாலைத் திருப்பி அனுப்பினால் அதைவிடப் பெரிய பதில் எது? இருநூறு பேரையும் ஒரே நாளில் வெளியே தள்ளிவிட்டு இலாகா யாரை வைத்துத் தபால் கொடுக்கும்?

பின்வரிசையிலிருந்து ஜெபமலர் எழுந்தாள். பூவாணிப்பட்டியில் தன் வீட்டு முன்னறையில் கிளை அஞ்சலகத்தைத் தனியாளாகப் பார்க்கிறவள். புருஷன் இல்லை. மாமியாரும் மகனும் இவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அவள் ஆபீஸுக்குத் தினமும் பை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது நான்தான்.

"யாராச்சும் ஒருத்தர் எழுதிட்டாங்கன்னா?" என்று கேட்டாள்.

"எழுதுனவன் அந்த மூஞ்சிய எங்கம்மா கொண்டுபோய் வைப்பான்?" என்றார் பரமகுரு. கூடமே சிரித்தது. நானும் நன்றாகத்தான் சிரித்தேன்.

சாத்தன்குறிச்சி ஆட்கள் பதினோரு பேருக்கும் நான் பொறுப்பு என்று மேடையில் என் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டி இதற்கு முன் யாரையும் பார்த்ததில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஜெபமலர் கூட்டத்துக்கு முன்பே தேர்வுக்கான கைடு வாங்கிவிட்டாளாம். பை கட்டும்வரை அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். சும்மா விளையாட்டுக்கு என்னை நாலு கேள்வி கேட்டாள். எனக்கு ஒன்று சரி. அவளுக்கு எல்லாமே மனப்பாடம்.

இதைப் பரமகுருவிடம் சொன்னேன். "அந்தப் புஸ்தகத்த வாங்கிட்டு வாரும். எதுத்துப் பேசணும்னா உள்ள என்ன எழவு இருக்குன்னு தெரியணும்லா?" என்றார். நியாயம்தான். போராடுகிறவன் படித்துவிட்டுத்தான் போராட வேண்டும். எழுதாத பரீட்சைக்கு அவளுக்கும் எதற்குப் புத்தகம்? நாளைக்கே அவளிடமிருந்து வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

பரமகுரு ஒரு முகவரி மாற்ற மனு கொடுத்திருக்கிறார். வீட்டில் தரைக்கு டைல்ஸ் போடுகிறார்களாம். ஒரு மாதத்துக்குத் தென்காசியில் மச்சினன் வீட்டில் தங்கி, பஸ்ஸில் வந்து போகப் போகிறாராம். அதுவரை அவர் பெயருக்கு வரும் தபாலையெல்லாம் தென்காசிக்குத் திருப்ப வேண்டும்.

அவர் வீடு என் தெருக்களில்தான் வருகிறது. மனுவை என் தொப்பிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டுகளோடு வைத்துக்கொண்டேன். வாசலில் மணலோ டைல்ஸ் பெட்டியோ கண்ணில் படவில்லை. பின்பக்கம் இறக்கியிருப்பார்கள்.

ஜூன் 27, வியாழன்

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. நீளமான பழுப்பு உறை. என் தபால் கட்டுக்குள் மூன்று.

முதலாவது எனக்கு. ஆபீஸ் மேஜையிலேயே 'பெற மறுக்கிறார்' என்று எழுதி, கீழே கொம்பையா என்று கையெழுத்தும் போட்டேன். கொடுப்பவனும் நானே, வாங்காதவனும் நானே. போஸ்ட்மாஸ்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் செய்யுங்க கொம்பையா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஜெபமலருக்கு. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பேனாவையும் கையில் எடுத்துவிட்டாள்.

"வாங்கி வச்சுக்கிடுதேனே அண்ணாச்சி. எழுதவா போறேன்? பொட்டில கிடக்கட்டும்."

"வாங்குனாலே உடைஞ்ச மாதிரிதான் தாயி. பதினோரு பேருக்கும் நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றேன்.

உறையின் மேல் இருந்த தன் பெயரை ஒரு தடவை வாசித்தாள். "நீங்க சொல்லுதீயன்னு செய்யுதேன்" என்று கையெழுத்துப் போட்டாள். நல்ல பெண்.

மூன்றாவது பரமகுருவுக்கு. மனு இருப்பதால் தென்காசி விலாசத்தை எழுதி ஒட்டித் திருப்பி அனுப்பினேன். மனு என்றால் மனு. தபாலைத் திருப்பு என்று எழுதிக் கொடுத்தவரிடம் எந்தத் தபால், ஏன் என்று கேட்பது எங்கள் வேலை இல்லை. உறையைப் பார்த்து உள்ளே இருப்பதை யோசிக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

சாப்பிடும்போது இசக்கியிடம் சொன்னேன். "எல்லாரும் இங்கன மறுக்கும்போது அவரு மட்டும் எதுக்குத் தென்காசில போய் மறுக்காரு?" என்றாள். என் மனைவிக்குப் பரமகுருவை எப்போதுமே ஆகாது. ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஜூலை 7, ஞாயிறு

தேர்வு நாள். ஆபீஸ் வாசலில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றோம். நான் கோஷம் சொன்னேன். ஜெபமலர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பரமகுரு வரவில்லை. தன் மாமியாருக்கு மேலுக்கு முடியவில்லை என்று காலையில் போன் பண்ணினார். கோஷம் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 8, திங்கள்

பரமகுரு வந்தார். எத்தனை பேர் நின்றீர்கள், யாராவது எழுதப் போனார்களா என்று விசாரித்தார். மாமனாருக்கு இப்போது பரவாயில்லையாம். நேற்று மாமியார் என்று சொன்னதாக ஞாபகம். பதற்றத்தில் சொல்லியிருப்பார்.

ஜூலை 16, செவ்வாய்

இலாகா இறங்கி வந்திருக்கிறது. மறுத்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பாம். ஜூலை 25-க்குள் போஸ்ட்மாஸ்டரிடம் படிவம் கொடுத்தால் துணைத் தேர்வு எழுதலாம். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு மேல அவங்க இறங்க மாட்டாங்க" என்றார்.

பரமகுருவிடம் கேட்டேன். "பயந்துட்டானுவவே! இன்னும் பத்து நாள் கெட்டியா நின்னா ஆர்டரையே வாபஸ் வாங்கிருவான். இப்பப் போய் எவனாவது ஃபாரம் குடுத்தான்னா அத்தனையும் நாசம். உம்ம பதினோரு பேரையும் பாத்துக்கிடும்" என்று தோளில் கை போட்டார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

பூவாணிப்பட்டியில் பை கட்டி அரக்கு வைத்த பிறகு ஜெபமலர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தாள். படிவம். போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி. என்னால முடியல. பையில போட்டா செயலாளர்தான் பிரிப்பாரு. நீங்க நேரா அம்மா கையில குடுத்துருங்க. நீங்கங்கதால நம்பிக் குடுக்கேன்."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 24, புதன்

ஜெபமலர் படிவத்தைக் கொடுத்தாயிற்று. சாயங்காலம் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

"குடுத்துட்டீயளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை. கொடுத்துத்தான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தேறியவர்கள் பட்டியல் வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி அம்மா என் கையில் கொடுத்தார். பசை தடவி நாலு மூலையும் அழுத்தினேன். கோட்டம் முழுவதிலும் நாற்பத்து மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பேர் தேறியிருக்கிறார்கள். எவனெவன் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் தூரத்து ஊர்க்காரர்கள்.

முப்பத்தோராவது பெயர்: ந. பரமகுரு, சாத்தன்குறிச்சி. அறுபத்தொன்று.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சாத்தன்குறிச்சி ஆபீஸில் இருப்பதே பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பரமகுரு இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவர் மேஜைக்கு எதிரே போய் நின்றேன். நிமிராமல் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காரும்வே."

"எழுதுனீராவே?"

"எழுதுனேன்." குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. "எல்லாரும் வெளிய போயிட்டா உள்ள இருந்து பேசுததுக்கு ஒரு ஆளு வேண்டாமா? நான் உள்ள இருந்தாத்தான் உங்களுக்காக நாளைக்கு வாதாட முடியும். ஒரு ஆளாவது தப்பிக்கணும்லா?"

"அந்த ஒரு ஆளு நீருன்னு யாரு முடிவு பண்ணினா?"

அடுத்த கடிதத்தை எடுத்து அதன் தெருவில் சேர்த்தார்.

"மச்சினன் வீட்டுக்கு ஹால் டிக்கெட்ட என் கையாலயே திருப்பி அனுப்ப வச்சீரே. என்னய விட்டா வேற ஆளே கிடைக்கலயாவே உமக்கு?"

"வேற ஆளா இருந்தா ஏன் எதுக்குன்னு கேட்டிருப்பான்" என்றார். "நீரு கேக்க மாட்டீருன்னு எனக்குத் தெரியும்."

இருபது வருஷச் சிநேகிதம். என் மூத்தவள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். என் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்தது இதற்குத்தானா என்று இருந்தது. கை வைத்து அடித்துவிடலாம் போல வந்தது. அடிக்கவில்லை.

"ஜெபமலர் ஃபாரம் எங்க?" என்றேன்.

மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அப்படியே இருந்தது. போட்டோவில் அவள் தலையை இழுத்து வாரி, சிரிக்காமல் இருந்தாள்.

"அம்மா கைக்குப் போகல?"

"போயிருந்தா உம்ம ஆளுதான் முதல்ல உடைஞ்சதுன்னு ஆகியிருக்கும். கிழிச்சுப் போட மனசு வரல" என்றார்.

இந்த வேலையில் இருக்கிறவனுக்கு ஒரு தாளைக் கிழிக்கக் கை வராது. கிடப்பில் போட மட்டும் நன்றாக வரும்.

இப்போது உள்ளதை எழுதிவிடுகிறேன். ஜூலை 24-ஆம் தேதி நான் அதைக் கொடுத்தது அம்மாவிடம் இல்லை. ஆபீஸ் படி ஏறும்போது பரமகுரு எதிரே வந்தார். "ஜெபமலர் ஃபாரம் குடுத்திருக்கா, என்ன செய்ய?" என்று நானாகத்தான் சொன்னேன். "எங்கிட்ட குடும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கொடுத்தேன். அம்மாவின் அறைக் கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

பணி முடிப்பு உத்தரவுகள். எனக்கு ஒன்று. வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஜெபமலருக்கு ஒன்று. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. இரண்டு தடவை வாசித்தாள். "செயலாளர் எழுதுனது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அந்த மனுஷன் நல்லா இருப்பாரா? என் ஃபாரத்தையும் போஸ்ட்மாஸ்டர் அம்மாதான் அமுக்கிட்டாங்க. நம்மள யாரு மனுஷங்களா மதிக்காங்க? நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி கடைசிவரை எங்கூட நின்னீய" என்றாள். மாமியாரை எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னாள்.

மோரைக் குடித்தேன். வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

போஸ்ட்மாஸ்டர் அம்மாவிடம் யாருக்கோ கேட்பது மாதிரி கேட்டேன். ஒருவர் கெடுவுக்குள் படிவம் கொடுத்து, அது நடுவில் தங்கிவிட்டால் வழி உண்டா?

யாருக்காகக் கேட்கிறேன் என்று அம்மா புரிந்துகொண்டது அவர் பார்வையிலேயே தெரிந்தது. "மேல்முறையீடு செய்யலாம். யார் கையில தங்குச்சோ அவங்க எழுத்துல ஒப்புக்கணும். 30-ஆம் தேதிக்குள்ள கோட்ட ஆபீஸுக்குப் பதிவுத் தபால்ல போட்டுரணும்."

"ஒப்புக்கிட்டா அவருக்கு என்ன ஆகும்?"

"வேலை முடிஞ்சுதுன்னு மரியாதையா அனுப்ப மாட்டாங்க. ஒப்படைச்ச தபாலை மறைச்சதுக்காக நீக்கினதுன்னு எழுதுவாங்க. கடைசியா கைக்கு வர்ற தொகையும் வராது."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு கடிதம் தொலைத்ததில்லை, ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெயராவது மிஞ்சும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பரமகுருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவரு உங்கள ஏமாத்துனாரு, சரி. அந்தப் பிள்ளைய யாரு ஏமாத்துனா?" என்றாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்று உட்கார்ந்து நாலு தாள் வீணாக்கி ஐந்தாவதில் எழுதி முடித்தேன். 'பூவாணிப்பட்டி கிளை அஞ்சலகத்தைச் சேர்ந்த ஜெபமலர் ஜூலை 23-ஆம் தேதி போஸ்ட்மாஸ்டரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்த விண்ணப்பத்தை நான் அவரிடம் சேர்க்கவில்லை. தெரிந்தே வேறொருவரிடம் கொடுத்தேன்.' முதலில் 'கேட்டுக்கொண்டதால் கொடுத்தேன்' என்றுதான் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

காலையில் பூவாணிப்பட்டிக்குப் போனேன். ஜெபமலர் அன்றைய கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். படிவத்தையும் என் தாளையும் மேஜையில் வைத்தேன். தன் போட்டோவைக் கண்டதும் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு என் தாளை எடுத்து வாசித்தாள்.

"அம்மா கையில குடுக்கல?"

"இல்ல தாயி."

"தெரிஞ்சேதான் குடுத்தீயளா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"அவரு கேட்டாரு."

"நானுந்தான கேட்டேன்" என்றாள்.

மிச்சமிருந்த கடிதங்களுக்கு ஒவ்வொன்றாக முத்திரை குத்தி முடித்தாள். பையில் போட்டுக் கட்டி அரக்கு வைத்தாள். கோட்ட ஆபீஸுக்கு ஒரு மனு எழுதி, படிவத்தையும் என் தாளையும் சேர்த்து உறைக்குள் வைத்து ஒட்டினாள். விலாசம் எழுதினாள். அழகான கையெழுத்து.

நான் கை நீட்டினேன். "குடு தாயி. போற வழிதான். நானே பதிவு பண்ணி ரசீதை நாளைக்குக் கொண்டாரேன்."

பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். உறையைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. பன்னிரண்டு மணி பஸ்ல தென்காசிக்குப் போய் நானே போட்டுக்கிடுதேன்."

முன்னறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். நான் சைக்கிளில் பையை ஏற்றிக் கட்டிவிட்டு, பஸ் வரும்வரை எதிர்ப்பக்கம் நின்றேன். பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருவர் தன் கடிதத்தை என் கையில் தராமல் கொண்டுபோனது இதுதான் முதல் தடவை.